அடுக்களை ஏறாத கோப்பைகள்

போன் சைனா எனப்படும் ஆங்கிலேய எலும்புப் பீங்கான், சென்னையின் மேற்குப் புறநகர் வீடுகளில் உண்கலமாக வாழ்ந்ததைவிடக் காட்சிப்பொருளாக வாழ்ந்ததே அதிகம். பிரிட்டனில் நாள்தோறும் தேநீர் ஊற்றிக் குடிப்பதற்கென்று செய்யப்பட்ட கோப்பைகளும் தட்டுகளும், முகப்பேர், அம்பத்தூர், ஆவடிப் பகுதி வீடுகளின் முன்னறைச் சுவரில் பதித்த கண்ணாடி ஷோகேசுக்குள், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் பள்ளிப் பரிசுக் கேடயங்களுக்கும் நடுவே, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மட்டும் வெளியே எடுத்துத் துடைக்கப்படும் பொருள்களாகப் பல்லாண்டுகள் இருந்தன. அவற்றை அடுக்களைக்குள் விட மறுத்த பழக்கமே அவற்றைக் காப்பாற்றியும் கொடுத்தது என்பது, தம் பெற்றோர் தொடங்கிய சிறு சேகரிப்பை முகப்பேரில் பராமரித்துவரும் இக்கட்டுரையாளர் காலப்போக்கில் வந்தடைந்த முடிவு. அந்தச் சேகரிப்பு எப்படி உருவாயிற்று, அதில் உள்ளவை எவை, அவை இங்கே எவ்வழியாக வந்தன என்பவற்றை நினைவிலிருந்து திரட்டிச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

எலும்புப் பீங்கானில் எலும்பு உண்மையாகவே இருக்கிறது. அதுவும் ஏறத்தாழச் சரிபாதி அளவில். மாட்டெலும்பைக் கொதிக்கவைத்துக் கொழுப்பையும் பசையையும் நீக்கி, சுமார் 1000 பாகை செல்சியசில் சுட்டு வெண்சாம்பலாக்கி, நீர் விட்டு நுண்ணியதாக அரைத்து, அதனுடன் கயோலின் எனப்படும் வெண்களிமண்ணைக் கால் பங்கும், கார்னிஷ் கல் எனப்படும் ஃபெல்ஸ்பார் கலந்த பாறைப்பொடியைக் கால் பங்கும் சேர்த்தால் இதற்குரிய களி கிடைக்கிறது. களிமண் வடிவத்தைத் தாங்குகிறது. பாறைப்பொடி சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் இறுகுகிறது. எலும்புச் சாம்பலில் உள்ள கால்சியம் பாஸ்பேட் வெண்மையையும் ஒளி ஊடுருவும் தன்மையையும் மெல்லிய சுவருக்கு வேண்டிய வலிமையையும் தருகிறது. குதிரை, பன்றி எலும்புகளை விட்டுவிட்டு மாட்டெலும்பையே குயவர்கள் தேர்ந்ததற்குக் காரணம், அதில் இரும்புச் சத்து குறைவாக இருப்பதால் சுட்டபின் நிறம் மங்காமல் நிற்பதுதான். இந்தக் களியில் வனைந்த கலத்தை மெருகின்றி முதலில் 1200 பாகைக்கு மேல் சுடுகிறார்கள். அதற்கு ‘பிஸ்கட்’ சூடு என்று பெயர். பிறகு கண்ணாடி மெருகு பூசி அதைவிடக் குறைந்த சூட்டில் மீண்டும் சுடுகிறார்கள். ஜெர்மனியில் வழங்கிய கடினப் பீங்கானுக்கு முறை இதற்கு நேர்மாறானது. அங்கே முதற் சூடு குறைவு, மெருகுச் சூடுதான் 1400 பாகையை நெருங்குவது. இந்த வேறுபாட்டின் பயன் கண்ணுக்கே தெரியும்: கடினப் பீங்கானின் வெண்மையில் ஒரு நீலச் சாம்பல் சாயல் இருக்கும்; எலும்புப் பீங்கானின் வெண்மை தேங்காய்ப்பாலின் வெண்மை.

ஆங்கிலேயர் எலும்பை நாடிப் போனதற்குப் பின்னால் ஒரு நீண்ட ஏக்கம் உண்டு. சீனப் பீங்கான் கடல் வழியாக உலகெங்கும் சென்ற பொருள். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வுகளில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள், பாண்டி நாட்டுக் கரைக்கும் அது இடைக்காலத்திலேயே பெருமளவில் வந்ததைக் காட்டுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் தேயிலையோடு இலட்சக்கணக்கான சீனக் கோப்பைகளையும் லண்டனுக்கு ஏற்றிச் சென்றன. தேயிலை ஈரம் படாமல் மேலே இருக்க, எடை மிகுந்த பீங்கான் பெட்டிகள் கப்பலின் அடித்தளத்தில் நிலைச்சுமையாகப் பயன்பட்டன. அதே கோப்பையை உள்நாட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று முயன்றவர்களுள் கிழக்கு லண்டனின் ‘போ’ பட்டறையைச் சேர்ந்த தாமஸ் ஃப்ரை முக்கியமானவர். அவர் 1740களில் எலும்புச் சாம்பல் கலந்த களிக்குக் காப்புரிமை பெற்றார். தம் பட்டறைக்குப் ‘புதிய கான்டன்’ என்று பெயரிட்டுக்கொண்டதிலேயே அந்த ஏக்கம் வெளிப்பட்டுவிடுகிறது. கார்ன்வால் மாவட்டத்தில் வெண்களிமண்ணைக் கண்டறிந்த வில்லியம் குக்வொர்தி 1768இல் கடினப் பீங்கானுக்குக் காப்புரிமை பெற்றார் எனினும், அந்த வழி இங்கிலாந்தில் நிலைக்கவில்லை. 1790களில் ஸ்டோக் நகரத்து ஜோசியா ஸ்போடும் அவர் மறைவுக்குப்பின் அதே பெயர் கொண்ட மகனும் எலும்புச் சாம்பலின் அளவைப் பாதியாக உயர்த்தி, வெண்களிமண்ணோடும் கார்னிஷ் கல்லோடும் சேர்த்து உருவாக்கிய கலவைதான் இன்றுவரை மாறாமல் வழங்கிவருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக வாங்குவதை 1791இல் நிறுத்திக்கொண்டதும், சீனச் சரக்கின் மீது இறக்குமதி வரி ஏறியதும் ஸ்போடுக்குக் கிடைத்த நற்காலம் என்றே சொல்ல வேண்டும். சிறந்த கண்டுபிடிப்புக்கும் சந்தையில் ஒரு காலியிடம் வேண்டியிருக்கிறது.

இத்தொழிலின் தலைநகர் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட். டன்ஸ்டல், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்னும் ஆறு ஊர்கள் 1910இல் இணைந்து உருவான இந்நகரத்தில், எலும்புப் பீங்கானுக்குப் பெயர்போனது தெற்கே இருக்கும் லாங்டன். ஐன்ஸ்லி, பாரகன், ஷெல்லி, ராயல் ஆல்பர்ட் ஆகிய பெயர்கள் யாவும் லாங்டனைச் சேர்ந்தவை. வயிறு பெருத்துக் கழுத்துச் சிறுத்த புட்டி வடிவச் சூளைகள் நிலக்கரிப் புகையை உமிழ்ந்துகொண்டிருந்த அந்த ஊரில், 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு அச்சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்து, எரிவாயுவிலும் மின்சாரத்திலும் இயங்கும் சூளைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அவ்வளவு கரியும் புகையும் சூழ்ந்த இடத்திலிருந்து இவ்வளவு வெண்மையான பொருள் வந்தது என்பதை முகப்பேர் ஷோகேசின் முன் நிற்கும் விருந்தினரிடம் சொன்னால் எவரும் எளிதில் நம்புவதில்லை.

சென்னைக்கு இப்பொருள் வந்த வழிகள் பல. மவுண்ட் ரோட்டின் ஸ்பென்சர் கடையும் ஒயிட்டவே லெய்ட்லா கடையும் ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் அவர்களைப் பார்த்து வாழ விரும்பிய உள்ளூர்ச் செல்வர்களுக்கும் இங்கிலாந்துச் சரக்கை விற்றன. ஒயிட்டவே லெய்ட்லா இருந்த கட்டடம் பின்னாளில் சுதேசமித்திரன் நாளிதழின் இல்லமாகி, விக்டரி ஹவுஸ் என்று பெயர் பெற்று, அதன்பின் வி.ஜி.பி. நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆனால் மேற்குப் புறநகருக்குள் பீங்கான் நுழைந்தது இந்தப் பெருவழியாக அன்று. பெரம்பூர், அயனாவரம் வழியாக. பெரம்பூரில் 1856 முதல் இருந்துவந்த இரயில்வே பணிமனைகளைச் சுற்றி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்தன. இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த ஓட்டுநர், ஃபோர்மேன், கார்டு ஆகியோரின் வீடுகளில் ஞாயிறு மதிய உணவுக்கும் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் வெளியே வரும் ‘நல்ல செட்’ ஒன்று கட்டாயம் இருந்தது. அது தாயிடமிருந்து மகளுக்குச் சீராகவும் போயிற்று. 1947க்குப் பிறகு பிரிட்டனுக்கும், 1960களின் பிற்பகுதி முதல் ஆஸ்திரேலியாவுக்கும் அக்குடும்பங்கள் குடிபெயர்ந்தபோது, கப்பல் பெட்டியில் இடம் கொள்ளாதவை விலைக்கு வந்தன. பியானோவும் கட்டிலும் முதலில் போயின. பீங்கான் பெரும்பாலும் கடைசி வாரத்தில், தெரிந்தவர்களிடம் சொல்லி, அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டது.

இக்கட்டுரையாளரின் தந்தை, பிரிட்டிஷ் கூட்டுறவோடு அம்பத்தூர், பாடிப் பகுதிகளில் எழுந்த தொழிற்சாலைகளுள் ஒன்றில் பணியாற்றியவர். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1961இல் வந்த லூகாஸ்-டி.வி.எஸ்., இவற்றோடு டன்லப் என, அந்த வட்டாரத்தின் ஆலைகளில் இங்கிலாந்து நாட்டுப் பொறியாளர்கள் சில ஆண்டுகள் தங்கிப் போவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. உடன் பணிபுரிந்த பெரம்பூர்வாசி ஒருவர் குடும்பத்தோடு மெல்போர்ன் புறப்பட்டபோது அவரிடமிருந்து வாங்கிய தேநீர் செட்டே இச்சேகரிப்பின் முதல் உறுப்பு. ஆறு கோப்பை, ஆறு சாசர், ஆறு சிற்றுண்டித் தட்டு, ஒரு கேக் தட்டு, ஒரு பால் குவளை, ஒரு சர்க்கரைக் கிண்ணம் என 21 உருப்படிகள் கொண்டது ஆங்கிலேயர் வகுத்த முழு செட். கோப்பை, சாசர், சிறுதட்டு மூன்றும் சேர்ந்ததைச் சேகரிப்பாளர்கள் ‘ட்ரையோ’ என்பார்கள். வந்து சேர்ந்த செட்டில் கேக் தட்டு இல்லை. அந்த ஒற்றைத் தட்டைத் தேடும் சாக்கில்தான் தந்தையார் மூர் மார்க்கெட்டுக்குச் செல்லத் தொடங்கினார் என்றும், தேடிப்போனது கிடைக்காமல் வேறு ஏதாவது ஒன்றோடு திரும்புவார் என்றும் வீட்டில் பேச்சு உண்டு.

1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய புத்தகங்களுக்காகவே பெரிதும் நினைக்கப்படுகிறது. அங்கே பழைய கடிகாரம், கிராமபோன் தட்டு, வெள்ளிக் கரண்டி, பீங்கான் ஆகியவை விற்ற கடைகளும் இருந்தன. கடைக்காரர்கள் சரக்கின் பெயரையோ காலத்தையோ பற்றிக் கவலைப்படாமல், வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்து விலை சொன்னார்கள். தந்தையார் கோப்பையை விரல் நுனியில் ஏந்தி நகத்தால் சுண்டிப் பார்ப்பார். விரிசல் இல்லாத எலும்புப் பீங்கான் மணிபோல நீண்டு ஒலிக்கும், மயிரிழை விரிசல் விழுந்தது ‘டொக்’கென்று நின்றுவிடும். சுண்டிப் பார்க்கும் ஆளைக் கண்டதும் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார் என்பதால், ஆர்வமில்லாத முகத்தோடு சுண்டுவது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அதன் பிறகு இத்தேட்டம், அண்ணா சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுவந்த மர்ரே அண்டு கம்பெனி, பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் என்று திசைமாறிற்று. காரைக்குடியில் நகரத்தார் வீடுகளிலிருந்து வரும் சரக்கில் எனாமல் பாத்திரமும் ஐரோப்பியக் கண்ணாடியும் மிகுதி. ஆங்கிலேய எலும்புப் பீங்கான் அங்கே எப்போதாவதுதான் தட்டுப்படும். பல்லாவரத்தில் தார்ப்பாய் மீது துருப்பிடித்த ஸ்பானர்களுக்கு அருகில் ஒற்றைச் சாசர் கிடக்கும். அதன் கோப்பை உலகில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

குடும்பம் முகப்பேருக்கு வந்தது 1980களின் பிற்பகுதியில். உலக வங்கியின் நிதியுதவியோடு, மனைகளைப் பிரித்துச் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளை மட்டும் செய்து கொடுத்து, வீட்டை மக்களே தம் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ளட்டும் என்று வகுக்கப்பட்ட திட்டத்தில், வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய பகுதிகளுள் முகப்பேரும் ஒன்று. சிறு மனைக்காரரும் பெரிய மனைக்காரரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறிய அந்தப் புதுக் குடியிருப்பில், வீடுகள் ஆண்டுக்கு ஓர் அறையாக வளர்ந்தன. தளம் போட்டு முடித்தவுடன் பெரும்பாலோர் அடுத்துச் செய்தது முன்னறையில் ஷோகேஸ் பதிப்பது. சிமென்ட் தட்டுகளும் நகரும் கண்ணாடியும் கொண்ட அந்த அமைப்பு ஒரு தலைமுறையின் கட்டடக் கலை அடையாளம். அதற்குள் வைக்கப் பொருள் வேண்டும் என்பதே பல வீடுகளில் பீங்கான் வாங்கியதற்குப் போதிய காரணமாக இருந்தது.

நெல்லைச் சீமையிலிருந்து வந்த சைவக் குடும்பத்தில் பீங்கான் அடுக்களைக்குள் நுழைய முடியாமல் போனதற்கு எலும்பு முதற்காரணம் அன்று. அதில் எலும்பு இருக்கும் செய்தி வெகுகாலம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாது. எச்சில் பற்றிய மரபான எண்ணமே முதலில் குறுக்கே நின்றது. உலோகப் பாத்திரம் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தால் தூய்மையாகிவிடும். மண்ணால் ஆன கலம் எச்சிலை உள்வாங்கிக்கொள்ளும், கழுவினாலும் போகாது என்பது அந்த எண்ணம். பீங்கான் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் மண்கலத்தின் பக்கமே சேர்க்கப்பட்டது. வாய் படாத ஊறுகாய் ஜாடிக்கு மட்டும் விலக்கு. இதைவிட வலுவான தடை ஒன்று கோப்பையின் உருவத்திலேயே இருந்தது: டம்ளரை அண்ணாந்து பிடித்து உதட்டில் படாமல் காபியை ஊற்றிக்கொள்ளலாம், அதன் விளிம்பு அதற்கென்றே வெளிநோக்கி மடிந்திருக்கிறது, வாய் அகன்று பக்கத்தில் காது வைத்த ஆங்கிலேயக் கோப்பையை அண்ணாந்து பிடித்தால் காபி சட்டையில்தான் விழும். ஸ்போடின் களியும் லாங்டனின் வடிவமும் உதட்டில் வைத்து உறிஞ்சும் மக்களை மனத்தில் கொண்டவை. எனவே அவை ஷோகேசில் ஏறின, அங்கேயே நின்றன. இங்கிலாந்தில் இதே காலத்தில் பயன்பட்ட செட்டுகளில் தேய்ந்துபோன பொன்வரைக் கோடு, முகப்பேரில் வைத்த இடத்தில் வைத்தபடி பளபளக்கிறது. தட்டின் நடுவில் கத்தி கீறிய தடம் இல்லை. கோப்பையின் உட்புறத்தில் தேயிலைக் கறை இல்லை. ஏற்காமல் ஒதுக்கிவைத்ததைப் பேணிக்காத்ததாகச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் விளைவு அதுவே.

சேகரிப்பு என்று சொல்லத்தக்க நிலையை அது அடைந்தது, கலத்தைக் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகுதான். அடியில் பதித்த முத்திரை ஒரு கோப்பையின் ஊரையும் நிறுவனத்தையும் காலத்தையும் சொல்லிவிடும். ‘இங்கிலாந்து’ என்ற சொல் முத்திரையில் இருந்தால் கலம் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. அமெரிக்காவின் மெக்கின்லி வரிச் சட்டம் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்ததன் விளைவு அது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற முழுத் தொடர் இருபதாம் நூற்றாண்டுக்குரியது. சாய்சதுர வடிவப் பதிவு முத்திரை 1842 முதல் 1883 வரைக்கும், அதன் பின் வந்த பதிவு எண் 1884 முதலும் வழங்கியவை. ராயல் டவுல்டன் நிறுவனம் 1928 முதல் சில பத்தாண்டுகள், தன் சிங்க-கிரீட முத்திரையின் அருகே ஓர் எண்ணை இட்டது. அந்த எண்ணோடு 1927ஐக் கூட்டினால் செய்த ஆண்டு கிடைக்கும், அதாவது எண் 11 என்றால் 1938. ராயல் வூஸ்டர் ஆண்டுக்கொரு புள்ளியைக் கூட்டிக்கொண்டே போனது. மின்டன் 1842 முதல் நூறாண்டுக் காலம் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு குறியைப் பதித்தது. முத்திரையின் குறுக்கே கூரிய கருவியால் ஒரு கீறல் இருந்தால், சிறு குறையின் பொருட்டுத் தொழிற்சாலையே இரண்டாம் தரமென ஒதுக்கியது என்று பொருள். இக்குறிகளைக் கற்றுக்கொண்ட பின், பல்லாவரத்துத் தார்ப்பாய் முன் குந்தியிருப்பது ஒரு கல்வெட்டு ஆய்வாளனின் வேலையைப் போலவே ஆகிவிடுகிறது என்று இக்கட்டுரையாளர் தம் நண்பர்களிடம் சொல்லிக்கொள்வதுண்டு. நண்பர்கள் அதை ஏற்பதில்லை.

முத்திரைகள் தந்த செய்திகளுள் மிகச் சுவையானது இரண்டாம் உலகப்போர்க் காலத்தைப் பற்றியது. 1942 முதல் 1952 வரை பிரிட்டிஷ் அரசு தன் சொந்த மக்களுக்கு அலங்காரமில்லாத வெள்ளைக் கலங்களையே விற்க அனுமதித்தது; பூவும் பொன்னும் தீட்டியவை அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதி செய்யப்பட்டன. அந்தப் பத்தாண்டில் லாங்டன் பெண்கள் கையால் வண்ணமிட்ட கோப்பைகளை அவர்கள் வீட்டிலேயே வைத்துத் தேநீர் குடித்திருக்க முடியாது. சுதந்திர இந்தியாவோ 1957ஆம் ஆண்டின் செலாவணி நெருக்கடிக்குப் பின் இத்தகைய நுகர்பொருள்களின் இறக்குமதியை ஏறத்தாழ அடைத்துவிட்டது. எஞ்சிய அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2001 ஏப்ரலில்தான். ஆகவே சென்னையில் கிடைக்கும் பழைய ஆங்கிலேயப் பீங்கானில் பெரும்பகுதி 1950களின் நடுப்பகுதிக்கு முந்தியது. இதற்கு ஒரு பெரிய விலக்கு, ராயல் ஆல்பர்ட்டின் ‘ஓல்டு கன்ட்ரி ரோசஸ்’ வகை. ஹரால்டு ஹோல்ட்கிராஃப்ட் 1962இல் வரைந்த அந்தச் சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு ரோஜாக்கள் உலகில் மிக அதிகமாக விற்ற பீங்கான் வடிவமாகி, லண்டன், சிங்கப்பூர், துபாய் உறவினர்களின் பெட்டிகளில் துணிகளுக்கிடையே சுற்றப்பட்டு முகப்பேர் வரை வந்தன. அதன் முத்திரையில் உள்ள 1962 என்பது வடிவம் தோன்றிய ஆண்டே தவிர, கோப்பை செய்த ஆண்டு அன்று. இது தெரியாமல் நேற்று வந்த கோப்பையை அறுபதாண்டுப் பழமை என்று விற்பவர்களும் வாங்குபவர்களும் உண்டு. கறாராகச் சொன்னால், அந்த ரோஜாக்கள் சற்று உரத்த குரலில் பேசுபவை. 1896இல் உருவான ஷெல்லியின் ‘டெயின்டி’ வடிவத்தின் அருகில் வைத்தால் அவற்றின் ஆரவாரம் புரியும். மலரிதழ் போல ஆறு மடிப்பு கொண்ட அந்தச் சிறு கோப்பையில் எந்த ஓவியமும் இல்லாவிட்டாலும் குறைவில்லை.

பராமரிப்பில் மேற்குப் புறநகருக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, காய்ந்தவுடன் மெருகின்மேல் வெண்படலமாகப் படியும். பொன்வரையின் மீது அது படிந்தால் தேய்த்து எடுக்கும்போது பொன்னும் சேர்ந்து வரும். பச்சை நார், புளி, பாத்திரம் தேய்க்கும் பொடி ஆகிய மூன்றும் பொன்னுக்குப் பகை. குடிநீரில் சில துளி சோப்பு விட்டு, பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டு விரித்து, ஒவ்வொன்றாகக் கழுவி, காட்டன் வேட்டித் துணியில் ஒற்றி எடுப்பதே வீட்டில் நிலைத்த முறை. கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் காதைப் பிடித்துத் தொங்கவிடுவதும் கூடாது. காது தனியே வார்த்து ஒட்டப்பட்டது என்பதால் முதலில் விடுபடும் இடம் அதுவே.

2015 டிசம்பர் முதல் வாரப் பெருமழையில் கூவம் கரைபுரண்டபோது, நொளம்பூரிலும் முகப்பேர் மேற்கின் தாழ்வான தெருக்களிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. ஷோகேசின் கீழ்த்தட்டு இரண்டு நாள் சேற்று நீரில் இருந்தது. நீர் வடிந்து கழுவி எடுத்தபோது ஒரு பாடம் துலங்கிற்று. கீழ்த்தட்டில் இரு வகைக் கலங்கள் கலந்திருந்தன: ஒன்று எலும்புப் பீங்கான், மற்றது, அதைப்போலவே தோன்றும் ஆனால் குறைந்த சூட்டில் சுட்ட, நுண்துளைகள் கொண்ட மண்கலம். ஜான்சன் பிரதர்ஸ் நிறுவனத்தின் நீலச் சித்திரத் தட்டுகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. மெருகும் உடலும் ஒரே அளவில் விரிந்து சுருங்காததால் காலப்போக்கில் மெருகில் சிலந்தி வலை போன்ற வெடிப்பு விழும். அதற்குக் ‘கிரேசிங்’ என்று பெயர். அந்த வெடிப்புகளின் வழியே சேற்று நீர் தட்டுகளின் உடலுக்குள் இறங்கிப் பழுப்புத் திட்டுகளாக உறைந்துவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடில் பல நாள் ஊறவைத்தும் முழுவதும் போகவில்லை. கண்ணாடியாக இறுகிய எலும்புப் பீங்கானோ குழாயடியில் ஒரு முறை அலசியவுடன் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது. பீங்கான் எச்சிலை உள்வாங்கும் என்ற பழைய வாதத்தில், பிஸ்கட் சூட்டை அறியாமலே, மண்கலத்தைப் பொறுத்தவரை ஓர் உண்மை இருந்திருக்கிறது. எலும்புப் பீங்கானைப் பொறுத்தவரை அது பொருந்தவில்லை.

இப்போது லாங்டனின் நிலையும் மாறிவிட்டது. ஷெல்லி 1966இல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பெயரிழந்தது. பர்ஸ்லத்தின் நைல் தெருவில் இருந்த ராயல் டவுல்டன் ஆலை 2005இல் மூடப்பட்டது. ஸ்போடும் ராயல் வூஸ்டரும் 2008இன் இறுதியிலும், வெட்ஜ்வுட் 2009 ஜனவரியிலும் கடனில் சிக்கி நிர்வாகிகளின் பொறுப்புக்குச் சென்றன. ஐன்ஸ்லி ஆலை 2014இல் நின்றது. ராயல் ஆல்பர்ட்டின் ரோஜாக்கள் 2000களின் தொடக்கத்திலிருந்து இந்தோனேசியாவில் பூக்கின்றன. இங்கிலாந்தில் பாட்டிமார் விட்டுச் சென்ற செட்டுகளைப் பேரப்பிள்ளைகள் விரும்பாததால் விலையும் இறங்கிக் கிடக்கிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் மைக்ரோவேவிலும் பொன்வரைக் கோப்பையை வைக்க முடியாது என்பதே பெருங்காரணம். முதல் செட்டுக்கான கேக் தட்டு இன்றும் வந்து சேரவில்லை. அதே ஓவியத்தில் ஒரு தட்டு இங்கிலாந்துக் கடையொன்றில் மலிவாகக் கிடைப்பதாகத் தெரிந்தும், அஞ்சல் செலவும் சுங்கமும் தட்டின் விலையைப்போல் பல மடங்கு ஆகும் என்பதால் வாங்கும் எண்ணம் தள்ளிக்கொண்டே போகிறது.

எலும்பு பற்றிய செய்தி குடும்பத்தில் வெளிப்பட்டது மிகப் பிற்காலத்தில், பாளையங்கோட்டையிலிருந்து வந்து தங்கியிருந்த அத்தையாரின் முன்னிலையில். உறவுக்காரப் பிள்ளை ஒருவர் பெயரின் பொருளை விளக்கிவிட, “ஏட்டி, மாட்டெலும்பையா நடுவீட்ல கண்ணாடி போட்டு வச்சிருக்க?” என்று அவர் கேட்ட கேள்விக்கு உடனடியாக விடை சொல்ல யாராலும் முடியவில்லை. சுட்ட சாம்பல் திருநீறு போன்றதுதானே என்று தந்தையார் சொன்ன சமாதானம் நிலைமையை மோசமாக்கியது. இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: எலும்பு கலந்தவை மேல்தட்டிலும், கலவாத மண்கலமும் கடினப் பீங்கானும், இலங்கை மாத்தளையில் செய்த நோரிடாகே கோப்பைகளும் கீழ்த்தட்டிலும் என்று ஷோகேஸ் இரண்டாகப் பிரிந்தது. வியப்புக்குரியது, இந்தப் பிரிவினைக்குப் பிறகு அத்தையார் கீழ்த்தட்டுக் கோப்பையில் காபி குடிக்கத் தொடங்கியதுதான். எச்சில் பற்றிய தடை அதற்குள் எங்கோ கரைந்துவிட்டிருந்தது. குடிப்பதற்கு முன் கோப்பையைக் கவிழ்த்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ‘போன்’ என்ற எழுத்துகள் இல்லையென்று உறுதி செய்துகொள்வார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலங்களின் முத்திரையில் அச்சொல்லைப் பொறிக்கும் வழக்கம் இல்லை என்றும், அதனால் எழுத்தை மட்டும் நம்பாமல் விளக்கொளியில் பிடித்து நிறத்தையும் பார்க்க வேண்டும் என்றும் இக்கட்டுரையாளர் ஒருநாள் ஆர்வ மிகுதியில் விளக்கினார். அத்தையார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கைப்பேசியின் விளக்கை வாங்கித் தம் கோப்பையின் பின்னால் பிடித்தும் பார்த்தார். பிறகு காபியை எவர்சில்வர் டம்ளரில் மாற்றித் தரும்படி கேட்டார்.